போட்டிருப்பதே தெரியாத சப்பாத்து

லாபு,
நெகிரி செம்பிலான்.
பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் நிரோஷாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் வீடும் என் மூக்குக்கண்ணாடியும் பழுதில்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே பழுதில்லாமல் இருக்கிறாய் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் அதை உன் வாய் சொல்லி நான் நம்ப முடியாத நிலையில் இருப்பதால்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லக்கூடாதா என்று நீ கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்லத் தொடங்கினால் நீ சிரிக்கிறாய், இல்லாவிட்டால் மீட்டிங் என்கிறாய், இல்லாவிட்டால் அங்கே உங்கள் கிறைஸ்ட்சர்ச்சில் மணி என்ன தெரியுமா என்கிறாய். கடிதம் சிரிக்க விடாது, நடுவில் வைத்துவிட்டுப் போனாலும் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து படிக்கத்தான் வேண்டும். கான்வென்டில் எங்களுக்கு வாரம் ஒரு கடிதம் எழுத வைப்பார்கள், அடித்தல் திருத்தல் இருந்தால் சிஸ்டர் முழுவதையும் மறுபடி எழுதச் சொல்வார். இதில் ஒரு இடத்தில் அடித்திருக்கிறேன். அதை ஏன் மறுபடி எழுதாமல் அப்படியே அனுப்புகிறேன் என்பதை அந்த இடத்தில் சொல்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. பொங்கல் நல்லபடியாகப் பொங்கியது. பக்கத்து வீட்டு லோகேஸ்வரிதான் கரும்பு வாங்கி வந்து கட்டினாள். நீ போனதிலிருந்து அவளுக்குப் பொழுது போகவில்லை. நீ இங்கே இருந்தபோது தினமும் சாயங்காலம் முதுகுப் பையில் அரிசிப் பொட்டலங்களை அடைத்துக்கொண்டு செம்பனைக் காட்டு வழியாக நடந்துவிட்டு வருவாயே, அதைப் பார்த்து அவள் என்னிடம் வந்து, என்னாக்கா, ஒங்க பொண்ணு டெய்லி அரிசியத் தூக்கிட்டுப் போவுது, அதே அரிசியத் திருப்பித் தூக்கிட்டு வருது, கடைக்காரன் வாங்கிக்க மாட்றானா லா என்று கேட்டாளே, அதை இப்போது பாசாரில் காய்கறி விற்பவள்வரை எல்லோருக்கும் சொல்லிச் சிரிக்கிறாள். நான் அவளிடம், மலையில் ஒரு வாரத்துக்கும் மேல் நடக்கப் போகிறாள், சாப்பாடு துணி எல்லாவற்றையும் தானே சுமக்க வேண்டும், அதற்குத்தான் பழகுகிறாள் என்று விளக்கினேன். அதுக்கு அங்க பஸ்ஸு இல்லையாக்கா என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. லாரி ஓட்டிக்கொண்டிருந்த அமிர்தலிங்கம் இப்போது சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுகிறார், சிரம்பானுக்குப் போக வர அவரைத்தான் கூப்பிடுகிறேன். கூரையில் ஒழுகின இடத்தை அடைத்தாகிவிட்டது. பின்பக்கத்து ரம்புத்தான் இந்த வருடம் காய்க்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ விமானம் ஏறின மறுநாள், வாசல் குழாயடியில் இருந்த வாளியை எடுத்துக் கழுவப் போனேன். அதற்குள் உன் தடித்த கம்பளிக் காலுறை இரண்டும் சுருட்டிக் கிடந்தன. கடைசிச் சாயங்காலம் நடந்துவிட்டு வந்து கழற்றிப் போட்டவை, பயண அவசரத்தில் மறந்திருக்கிறாய். ஒன்றை எடுத்துச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டேன், தண்ணீர் செந்நிறமாக மாறியது. தோட்டத்து ரோட்டுச் செம்மண் என்றுதான் நினைத்தேன். செம்மண் என்றால் இரண்டு அலசலில் போய்விடும், அப்பாவின் காலுறைகளை எத்தனை வருடம் துவைத்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா. இது போகவில்லை. மற்றதைத் தண்ணீரில் போடாமல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தேன். குதிகால் படும் இடத்தில் ஒரு நாணயம் அகலத்துக்குத் துணி காய்ந்து விறைத்துத் தகடு போல நின்றது. அது மண் இல்லை நிரோஷா. அட்டைக் கடியும் இல்லை, அட்டை கடித்தால் இரத்தம் கீழே ஓடியிருக்கும், இப்படி வட்டமாக ஒரே இடத்தில் அரைத்து ஊறியிருக்காது. இரண்டு காலிலும் ஒரே இடம்.

அன்றைக்கே உன்னைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன், கால் எரியவில்லையா, நடக்கும்போது வலிக்கவில்லையா என்று. நீ என்ன சொன்னாய் என்பதை அப்படியே எழுதுகிறேன், நீயே ஒருமுறை படித்துப் பார். ஒன்னுமே தெரியலம்மா, அதான் சொன்னேனே, இந்த பூட்ஸ் அவ்ளோ நல்ல பூட்ஸ், போட்டிருக்கறதே தெரியல. இதைச் சந்தோஷமாகச் சொன்னாய். காலின் படம் அனுப்பு என்று கேட்டேன். ஆபீசில் எப்படிக் காலைத் தூக்கிப் படம் எடுப்பேன் என்று சிரித்தாய், பிறகு இரவில் அனுப்பினாய். மேலிருந்து எடுத்த படம். விரல் நகங்களுக்கு நீ பூசியிருக்கும் ஊதாச் சாயத்தைத்தான் பார்க்க முடிந்தது. நான் கேட்டது குதிகால். மறுபடி கேட்டதற்கு, சின்னதா தோல் வழண்டிருக்கு, ஆறிடும்மா, நீங்க டென்ஷன் ஆகாதீங்க லா என்று எழுதினாய், அதுவும் ஆங்கில எழுத்தில். தோல் உரிந்து இரத்தம் ஊறும்வரை நடந்த ஒருத்திக்கு அது நான் சொல்லித்தான் தெரிகிறது என்றால், நான் டென்ஷன் ஆகாமல் வேறு என்ன ஆவது.

அப்பா விஷயம் உனக்குப் பாதிதான் தெரியும். நீ படிப்பை நிறுத்திவிட்டு ஓடிவந்தபோது ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட காலைத்தான் பார்த்தாய். அதற்கு முன்னால் நடந்ததை நான் உனக்குச் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. அவர் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் வெளிக்காட்டுக் கிராணி, காலையில் ஆள் பிரித்து அனுப்பிவிட்டு நடக்கத் தொடங்கினால் மேடும் பள்ளமுமாக மத்தியானம்வரை நடப்பார். இப்போது உனக்கு இருக்கிற இனிப்புநீர் வியாதி அவருக்கு வந்த பிறகும் நடை குறையவில்லை, நடப்பது நல்லது என்று உன் டாக்டர் உனக்குச் சொன்னதைத்தான் அவருக்கும் சொன்னார்கள். பழைய பூட்ஸ் கிழிந்து புதிது வாங்கினார். நல்ல தோல்தான், நான் கூடப் போய்த் தட்டிப் பார்த்து வாங்கியதுதான். முதல் வாரம் போட்டுவிட்டு வந்து, மங்கை, கால்ல கிடக்கிறதே தெரியேல்லை, இவ்வளவு காலமும் மாட்டு வண்டியைக் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறன் என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், சப்பாத்தைப் படிக்கு வெளியே கழற்றி, குழாயடியில் கால் கழுவி, துடைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ராஜா வந்தாலும் அதுதான். அப்பாவும் அப்படித்தான் கழுவிவிட்டு வந்தார். அழுக்கும் இரத்தமும் சேர்ந்து குழாயடியிலேயே போய்விட்டன. அவர் வெள்ளைக்காலுறை போடுகிறவரில்லை, கறுப்புத்தான், அதில் கறை தெரியாது. வீட்டுக்குள் வந்தது சுத்தமான கால். வாடை வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அப்போது அது எலும்புவரை போயிருந்தது. முதலில் விரல், பிறகு முழங்காலுக்குக் கீழே. அதன் பிறகு அவர் அதிக காலம் இருக்கவில்லை. யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீ சொன்ன அதே வார்த்தையை நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன் என்பதற்காக எழுதுகிறேன்.

போன திங்கட்கிழமை அமிர்தலிங்கத்தைக் கூப்பிட்டுக்கொண்டு சிரம்பானில் மலையேறுகிற சாமான்கள் விற்கும் கடைக்குப் போனேன். நீ வாங்கிய மாதிரியே தோல் பூட்ஸ் அலமாரியில் வரிசையாக இருந்தது. கடையில் நின்ற மலாய்ப் பிள்ளை பணிவாக, யாருக்கு என்று கேட்டது. எனக்குச் சும்மா பார்க்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, எனக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். எந்த மலைக்கு என்று கேட்டது. அமிர்தலிங்கம் பின்னால் நின்று, அம்மா மவுண்ட் எவரெஸ்ட் போறாங்க, நான்தான் டிரைவர் என்றார். அந்தப் பிள்ளை சிரித்த சிரிப்பில் கடையே திரும்பிப் பார்த்தது. பரவாயில்லை, அதற்குப் பிறகு நான் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்க யாரும் தடை சொல்லவில்லை. உன்னுடையதைப் போன்ற ஒன்றைக் கையில் எடுத்துக் குதிகாலைப் பிடிக்கும் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன். தேங்காய்ச் சிரட்டை மாதிரி நின்றது, அசையவே இல்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நீ இங்கே வந்த இரண்டாம் நாள், பூட்ஸ் புதிதாக விறைப்பாக இருக்கிறது என்று சொன்னாய். அப்பாவின் பூட்ஸுக்குச் செய்கிற மாதிரியே நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து தேங்காய் எண்ணெய் தடவித் தடவி மத்தியான வெயிலில் வைத்தோம், நீ போகும்வரை மூன்று நான்கு தடவை செய்திருப்போம். அப்பாவின் பூட்ஸ் பலகை போன்ற தோல், அதற்கு எண்ணெய் ஊற்றாவிட்டால் மடங்கவே மடங்காது. தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். உன்னுடையது தொழிற்சாலையிலேயே பதப்படுத்தி அளவாக இளக்கி வந்த தோல். அதில் நாம் ஊற்றிய எண்ணெய் பின்பக்கத்தை நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஆக்கிவிட்டது. கடைசி நாள் நான் அழுத்திப் பார்த்தபோது விரலுக்கு மடங்கியது, எவ்வளவு பதமாக வந்துவிட்டது என்று பெருமைப்பட்டேன். பிடிமானம் போன சப்பாத்துக்குள் குதிகால் ஒவ்வொரு அடிக்கும் ஏறி இறங்கும், ஏறி இறங்கினால் உரசும். வேறு யாராவது என்றால் முதல் மைலிலேயே ஐயோ என்று உட்கார்ந்திருப்பார்கள். உனக்குச் சுகமாக இருந்தது.

ஆகையால் இனி அந்தச் சப்பாத்தைப் போடாதே. புதிதாக ஒன்று வாங்குவதானால் எப்படிப் பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன், நீ கணக்காளர், விலையைப் பார்ப்பாய், நான் சொல்வதையும் பார். தோல் வழவழப்பான மேல்பக்கமாக இருக்கட்டும், ஒரே துண்டில் வெட்டியதாக இருந்தால் நல்லது, தையல் குறைந்தால் தண்ணீர் நுழைய வழியும் குறையும், உள்ளே உரசுகிற இடமும் குறையும். அடிப்பாகம் ஒட்டியதா தைத்ததா என்று சுற்றிப் பார், தைத்தது தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம், ஒட்டியது ஈரத்தில் வாயைப் பிளந்துவிடும், மலை நடுவில் பிளந்தால் யாரைக் கூப்பிடுவாய். சப்பாத்தின் நாக்கு இரண்டு பக்கமும் உயரம்வரை சேர்த்துத் தைத்திருக்க வேண்டும். கணுக்காலுக்கு மேல் வர வேண்டும். சாயங்காலம் போய் வாங்கு, கால் அப்போதுதான் அதன் முழு அளவில் இருக்கும், மலையில் போடப்போகிற காலுறையையே கொண்டுபோ. எல்லாவற்றையும்விட முக்கியம், போட்டுப் பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று சொல்லாதே. உன் கால் சொல்வதை நீ நம்பக்கூடாது. உள்ளே பாதத்துக்கு அடியில் கிடக்கும் அட்டையை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் நின்று கண்ணால் பார், விரல் எங்காவது வெளியே தள்ளுகிறதா, குதிகால் பின்னால் தொங்குகிறதா என்று. அப்பாவுக்கும் உனக்கும் ஒரே கால், முன்னே அகலம், பின்னே ஒடுக்கம், கடையில் முன்பக்கத்துக்குப் பொருந்துவதைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எண்ணெய் வேண்டாம். எந்த எண்ணெயும் வேண்டாம்.

இவ்வளவும் எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். புதிதாக வாங்கினால் அது காலுக்குப் பழகாதது, நீ புறப்படும் நாளுக்குள் பழக்க நேரம் இல்லை, பழகாத சப்பாத்தும் காலைத் தின்னும். பழையதைப் போட்டால் அது ஏற்கனவே தின்றுகொண்டிருக்கிறது. கடையில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேனே தவிர என்னால் ஒன்றையும் வாங்க முடியவில்லை, ஏனென்றால் உன் கால் என்னிடம் இல்லை. நீ சிறு பிள்ளையாக இருந்தபோது ஒவ்வொரு வருடமும் பள்ளி திறக்கும் முன் உன்னைப் பத்திரிகைத் தாளில் நிற்க வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டுக் கடைக்குக் கொண்டுபோவேன், கூச்சத்தில் நெளிவாய், ஆடாதே என்று கணுக்காலில் ஒரு தட்டுத் தட்டுவேன். இப்போது பென்சிலால் கோடு போட்டால் உனக்குக் கூசுமா என்று எனக்குத் தெரியாது. ஆபீசில் யாரையாவது போடச் சொல்லிப் பார்.

~~நீ போகாதே.~~

இதுதான் நான் அடித்த இடம். எழுதிவிட்டு அடித்தேன். மறுபடி எழுதாமல் அனுப்புவதற்குக் காரணம், அது எழுதப்பட்டது என்று உனக்குத் தெரிய வேண்டும், அடிக்கப்பட்டது என்றும் தெரிய வேண்டும். உனக்கு நாற்பத்தாறு வயது. அந்த ஊரில் யாரும் துணையில்லாமல் வீடு வாங்கி வேலை பார்த்து நிமிர்ந்து நிற்கிறாய். அந்த மலைப் பாதையில் தங்கும் குடிசைகளுக்கு இடம் கிடைப்பதற்கே போன வருடத்திலிருந்து காத்திருந்தாய் என்று சொன்னாய். குழாயடியில் நின்று நீ சொன்னது நினைவிருக்கிறது, அம்மா, அப்பா போன மாதிரி நானும் ஒரு நாற்காலியில உட்கார்ந்து போய்ச் சேரணுமா, நடந்தாவது பாக்கறேனே என்றாய். உன்னை வளர்த்தவள் நான்தான், ஒரு காரியத்தைத் தொடங்கினால் பாதியில் விடக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தவளும் நான்தான், இப்போது எந்த வாயால் விடு என்பது. அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று மட்டும் கேட்கிறேன். உன் டாக்டரிடம் காலைக் காட்டி, உணர்ச்சி இருக்கிறதா என்று ஊசியால் தொட்டுப் பார்க்கச் சொல், அவர் போகலாம் என்றால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். இதற்குமேல் இங்கிருந்து செய்ய எனக்கு ஒன்றும் இல்லை. செய்ய ஒன்றும் இல்லாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லாதது என்று உனக்குத் தெரியும்.

இந்தப் பொட்டலத்தில் இரண்டு சாமான் வைத்திருக்கிறேன். ஒன்று, நான் துவைக்காமல் வைத்த அந்த ஒரு காலுறை. அழுக்குத் துணியை யாராவது தபாலில் அனுப்புவார்களா என்று லோகேஸ்வரி முகத்தைச் சுளித்தாள். வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிரித்துப் பார், உன் கண்ணாலேயே பார். மற்றது அப்பா சவரம் செய்யும்போது பிடிக்கும் கைக்கண்ணாடி. சட்டம் தகரம்தான், சுமைக்குக் கனக்காது, எங்கே போனாலும் பையில் இருக்கட்டும். நடந்து முடித்த ஒவ்வொரு சாயங்காலமும் காலுறையைக் கழற்றி, உள்ளங்காலையும் குதிகாலையும் அதில் பார். கண் மங்கலாக இருந்தால் கூட வருகிற யாரிடமாவது காட்டிப் பார்க்கச் சொல். நீயும் என்னைப் போலத்தான், யாரிடமும் எதையும் கேட்க மாட்டாய். இதை மட்டும் கேள். முன்பின் தெரியாத வெள்ளைக்காரியாக இருந்தாலும் காலை நீட்டிக் காட்டு. அங்கே போன் எடுக்காது என்று சொல்லிவிட்டாய், ஒரு வாரத்துக்கும் மேல் உன் கால் எப்படி இருக்கிறது என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை. அந்த நாட்களில் நான் என்ன செய்வேன் என்று யோசித்தேன். வழக்கம்போல எழுந்து, வாசலைக் கூட்டி, விளக்கேற்றுவேன். வேறு என்ன.

மாத்திரையை வேளை தவறாமல் போடு. இரவில் அரிசியைக் குறை. கடிதம் கிடைத்ததும் குதிகாலின் படம் அனுப்பு, மேலிருந்து அல்ல, பின்னாலிருந்து. நம் பிள்ளையார் உன் இரண்டு கால்களையும் முழுதாகக் காக்கட்டும், நீ நினைத்ததை முடித்து நல்ல பேரோடு வீடு வந்து சேர வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். கடைசியாக ஒன்று. போனாலும் போகாவிட்டாலும் அடுத்த முறை இங்கே வரும்போது, குழாயடிக்குப் போகாதே, படியில் நின்று கழற்றவும் வேண்டாம். மண்ணோ சேறோ எதுவாக இருந்தாலும் சப்பாத்தோடேயே உள்ளே வா. முன்னறையில் அப்பாவின் நாற்காலியில் உட்கார். நானே கழற்றிப் பார்த்துக்கொள்கிறேன், தரையைப் பிறகு கழுவிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உன் அம்மா
மங்கையற்கரசி சின்னத்துரை